ஆணியில் தொங்கிய பேணி

தம்பி,

ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுறாவே என்று சிரிக்காதை. காலமை நான் சாமிக்கு விளக்கு வைக்கிற நேரம் நீ பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலைக்கு வெளிக்கிட்டிடுவாய். அங்கேயிருந்து நேரே ரெஸ்ரோரன்ற் குசினி. நீ வீடு திரும்ப நான் படுத்திடுவன். லீவு நாளில் பிடிச்சு இருத்திக் கதைப்பம் என்றால், "பேந்து கதைப்பமம்மா" என்று சொல்லிக்கொண்டே ரீவிக்கு முன்னால் நித்திரையாகிறாய். குறையாய்ச் சொல்லவில்லை. எங்களைத் தூக்கி நிறுத்தத்தான் அப்பிடி ஓடுறாய். அதனால் என்ரை பேத்தியின் கொப்பியில் நாலு தாள் கிழிச்சு எழுதுறன். உன்ரை சாப்பாட்டுப் பைக்குள், புட்டுப் பெட்டிக்கு மேலே வைப்பன். பிரேக் நேரம் வாசி. அஞ்சாம் வகுப்போடு நிறுத்தின கை, பிழை இருக்கும். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் எழுத்துப் போட்டியில் முதலாவதாய் வந்தவள் என்ரை பேத்தி. ஆனால் இந்தப் பிழையை அவளாலும் திருத்தேலாது, அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான். இது நீ தனிய வாசிக்கவேண்டியது.

வாற ஞாயிறு பாலன்ரை கல்யாணம். அதைப் பற்றித்தான் எழுதுறன். மூன்று நாளாய் ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சிட்டு மறந்து, தண்ணி வற்றிக் கேத்திலின்ரை அடி எரிஞ்சுபோச்சு. யன்னலுக்குப் போறன், ஒன்பதாம் மாடியில் இருந்து கார் ஓடுறதைப் பார்க்கிறன், திரும்பி வந்து இருக்கிறன், பிறகும் எழும்புறன். என்ரை மருமகள் வசந்தி கேட்டாள், "என்ன மாமி, கால் உளையுதோ?" என்று. கால் இல்லை.

பாலன் எங்களுக்கு என்ன செய்தவன் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. எண்பத்தைஞ்சாம் ஆண்டு நான் கனடாவில் வந்து இறங்கின அன்று உனக்கு லீவு கிடைக்கவில்லை. எயாப்போட்டில் வந்து நின்றது அவன்தான், கையில் ஒரு பெரிய குளிர்க் கோட்டோடு. "வாங்கோ ஆச்சி" என்றான். உண்மையைச் சொல்லுறன், அந்த "ஆச்சி" எனக்கு முள்ளுப்போலக் குத்தினது. ஊரில் அவன்ரை தாய் கண்மணி எங்கள் வீட்டுப் பின்பக்கத்தால் வந்து நெல்லுக் குத்தினவ. என்னை நாச்சியார் என்று கூப்பிட்டவ. அவையின்ரை பிள்ளை என்னைச் சொந்தம்போல ஆச்சி என்று கூப்பிடுறதோ என்று நினைச்சுக்கொண்டே அவன் தந்த கோட்டுக்குள் கையை விட்டனான். பிறகு எனக்குச் சுகர் இறங்கி விழுந்த அன்று, மூன்றுதரம் அடிச்சாத்தான் கதவு பூட்டுற அந்த மண்ணிறக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பின்னேரம் மட்டும் கதிரையில் குந்திக்கொண்டிருந்ததும் அவன்தான். டொக்ரர் "மகனோ?" என்று கேட்க, நான் தலையை மற்றப் பக்கம் திருப்பினன். அவன்தான், "தெரிஞ்ச ஆச்சி" என்று மெல்லமாய்ச் சொன்னான்.

போன கிழமை அவன் கல்யாண அழைப்புக் காட்டோடு வந்தான். நீ வேலைக்குப் போயிட்டாய். கதவைத் திறந்து "உள்ளுக்கு வா தம்பி" என்றன். "இல்லை ஆச்சி, கார் றோட்டிலை நிற்குது, ரிக்கற் எழுதிப்போடுவாங்கள்" என்றான். காட்டை நீட்டினான். நாலு மூலையும் மஞ்சள் தடவினது. "அம்மாவும் வந்திட்டா. உங்களைக் கேட்டவ" என்றான். நான் "கட்டாயம் வருவம்" என்று சொல்ல, அவன் லிஃப்ற் பக்கம் ரெண்டடி போய்த் திரும்பினான். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னான். "வாறதெண்டால் சாப்பிட வாங்கோ ஆச்சி. சோடா குடிக்க வரவேண்டாம்."

அந்தச் சோடா உனக்கு விளங்கும். ஊரில் எங்கட ஆக்கள் அவையின்ரை கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் இருக்கமாட்டம். கை நனைக்கமாட்டம். மரியாதைக்கு ஒரு கதிரை போடுவினம், மூடி உடைக்காத சோடாப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து எங்கட கண்ணுக்கு முன்னால் உடைச்சுத் தருவினம். அவையின்ரை கை படாத தண்ணி என்று கணக்கு. அரைப் போத்தல் குடிச்சிட்டு எழும்பி வந்தால் போன மாதிரியும் ஆச்சு, போகாத மாதிரியும் ஆச்சு. அன்று நீ வர நான் முழிச்சிருந்து காட்டைக் காட்டினன். நீ சப்பாத்தைக் கழட்டாமலே சொன்னாய்: "போவமம்மா. முன்னுக்கு இருப்பம். கோக் ரின் ஒண்டு குடிப்பம். சாப்பாட்டுக்கு முதல் வெளிக்கிடுவம். உங்களுக்குச் சுகர் எண்டு சொன்னாச் சரி. ஸ்காபரோத் தமிழ்ச் சனம் முழுக்க அங்கை நிற்கும், நாளைக்கு எங்கட பிள்ளையளுக்கும் கலியாணம் பேசவேணுமல்லோ." போத்தல் போய் ரின் வந்திருக்கு, அவ்வளவுதான். உன்னில் எனக்குக் கோபம் வரவில்லை, தம்பி. இதை ஆரிட்டைப் படிச்சாய் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல முதல், நோராவின் கதை ஒன்றைச் சொல்லவேணும். அதைக் கேட்டிராவிட்டால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கமாட்டன்.

நோரா ஆர் என்று கேட்பாய். எங்கட கட்டடத்தில் நாலாம் மாடியில் இருக்கிற வெள்ளைக்கார மனிசி, வயதில் எனக்கு ரெண்டு மூன்று கூட இருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கக் கீழே பேஸ்மென்றுக்கு நானும் போவன், அவவும் வருவா. மெசின் சுத்தி முடியுமட்டும் ரெண்டு கிழவியளும் சுவரோரத்து நீட்டு வாங்கில் குந்தியிருப்பம். எனக்குத் தெரிந்தது கடைப் பலகை வாசிக்கிற இங்கிலிஷ். அவவின் இங்கிலிஷ் ரீவியில் கேக்கிற மாதிரி இல்லை, ஏறி இறங்கி ஏதோ பாட்டுப் போல. ஆனால் அவவின் கை நல்லாய்க் கதைக்கும். விளங்காததை மெசினுக்கு மேலே சிந்திக் கிடக்கிற சோப்புத் தூளில் விரலால் கீறிக் காட்டுவா. அதனால் நான் சொல்லுறதில் ஒன்றிரண்டு பிசகியிருக்கலாம், முக்கியமானது பிசகாது.

அவவின்ரை நாடு அயர்லாந்து. பட்டினம் இல்லை, மாடும் கல்வேலியும் ஓயாத மழையுமாய் ஒரு குக்கிராமம். குளிர் போய் றோட்டு காயத் தொடங்க ஊர்ச் சந்தியில் வண்டில்கள் வந்து நிற்குமாம். வளைஞ்ச கூரை, பச்சையும் சிவப்பும் பூசினது, கறுப்பு வெள்ளைக் குதிரை. சோப்புத் தூளில் குதிரையை அவ கீறினது எனக்கு ஆடு மாதிரி இருந்தது, ரெண்டு பேரும் சிரிச்சம். அந்த வண்டிலுக்குள்தான் ஒரு குடும்பம் முழுக்கப் படுக்கும். அதுக்குள்ளேதான் பிள்ளை பிறக்கும். இஞ்சை பத்து நாள், பிறகு அடுத்த ஊர். ஆம்பிளையள் தகரம் அடிக்கிறவை. ஓட்டை வாளிக்கு ஈயம் வைச்சு அடைப்பினம், தேத்தண்ணி குடிக்கிற புதுப் பேணி அடிச்சு விற்பினம், குதிரை மாத்துவினம். பொம்பிளையள் கூடையோடு வீடு வீடாய் வருவினம். ஊசி, நூல், பேப்பரில் செய்த பூ. அதுக்கு மாற்றாய் மாவோ தேயிலையோ பழைய உடுப்போ கேட்பினம். நோராவின் தகப்பனுக்கு அவையளைக் கண்டால் பெரிய புளுகமாம், வாயெல்லாம் சிரிப்பாம். எந்த ஊரில் ஆர் செத்தது, எந்தச் சந்தையில் ஆர் ஆரை ஏமாத்தினது, எல்லாப் புதினமும் அந்த வண்டிலில்தான் வரும். ஆனால் ஒரு கோழியைக் காணவில்லை என்றால் போதும். நரி பிடிச்சிருந்தாலும், "வண்டில்காரர்தான்" என்று ஊர் சொல்லும்.

நோராவின் தாய் கெட்ட மனிசி இல்லை. கேட்டு வந்த ஒருத்தரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டா. ஆனால் வாசல் கதவுக்கு வெளியே, சுவரில் ஒரு ஆணி இருந்தது. அந்த ஆணியில் ஒரு தகரப் பேணி தொங்கும். அந்த வீட்டுக்கு வழக்கமாய் வாற வண்டில்காரப் பொம்பிளைக்கு அதில்தான் தேத்தண்ணி. அவ வெளியில் நின்று குடிச்சு, தானே கழுவி, தானே திரும்ப ஆணியில் கொழுவிப்போட்டுப் போகவேணும். நான் கேட்டன், "பழைய பேணி அவைக்கு, நல்ல பேணி வீட்டாருக்கோ?" நோரா தலையை ஆட்டினா. "எல்லாம் ஒரே பேணிதான். எங்கட வீட்டிலை இருந்த அத்தனை பேணியையும் அடிச்சது அவவின்ரை புருசன்தான்" என்றா. அவையின்ரை கை செய்த பேணியில் வீடு முழுக்கப் பால் குடிக்குது, அவையின்ரை வாய் பட்ட பேணி மட்டும் வெளியில். நான் முதலே காய்ஞ்ச பெட்சீற்றைப் பாதி மடிச்சபடி வைச்சுக்கொண்டிருந்தன்.

நோராவுக்கு எட்டு வயதில் ஒரு நாள். நல்ல வெயில், வைக்கோல் வெட்டுற காலம், பிள்ளைக்குத் தண்ணி விடாய். அந்தப் பொம்பிளை தான் குடிச்சுக்கொண்டிருந்த பேணியை, "இந்தா மோளே" என்ற மாதிரி நீட்டினாவாம். நோரா வாங்கி மிச்சத்தைக் குடிச்சிட்டா. தாய் கண்டா. இழுத்துக்கொண்டுபோய், மழைத்தண்ணிப் பீப்பாவுக்குப் பக்கத்தில் வைச்சு, உடுப்புத் தோய்க்கிற சோப்பால் பிள்ளையின்ரை வாயைத் தேய்ச்சா. உதடு வெடிச்சு ரத்தம் வருமட்டும் தேய்ச்சா. வண்டில்காரப் பொம்பிளை எல்லாத்தையும் பார்த்துக்கொண்டு நின்றா. பேணியைக் கழுவி ஆணியில் கொழுவினா, கூடையைத் தூக்கிக்கொண்டு போயிட்டா.

அடுத்த வருசம் குதிரைச் சத்தம் கேட்க நோரா வாசல் படலைக்கு ஓடினா. தாய் ஓட்டை வாளியைக் கையில் குடுத்து விட்டிருந்தா. அந்தப் பொம்பிளை முன்னுக்கு இருந்தா, மடியில் ஒரு குழந்தை. நோரா வாளியைத் தூக்கிக் காட்டினா. அவ நேரே பார்த்துக்கொண்டு போனா. வண்டில் நிற்கவில்லை. மற்ற வீட்டு வாசல் எல்லாம் நின்றதாம். நான் கேட்டன், "அதுக்கு அடுத்த வருசம்?" நோரா விரலால் சோப்புத் தூளில் ஒரு நேர்கோடு இழுத்தா, மெசினின் கரை மட்டும். போனது, போனதுதான். பிறகு ஒரு நாள் தாய் அந்தப் பேணியை ஆணியில் இருந்து எடுத்து உள்ளே கொண்டுவந்து மற்றப் பேணியளோடு அடுக்கி வைச்சாவாம். அதில் குடிக்கத்தான் ஒருத்தரும் வரவில்லை.

மெசின் நின்று கனநேரம். நான் எழும்பவில்லை. நோரா, "என்ன, சுகமில்லையோ?" என்று கையைப் பிடிச்சா. எனக்கு அந்த நேரம் உன்ரை வாய்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது, தம்பி.

உனக்கு ஏழு வயது. கண்மணியின் மூத்த மகளின்ரை கல்யாணம். அப்பா வரவில்லை, நான்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனனான். கதிரை போட்டுச் சோடா உடைச்சுத் தந்தினம். நீ பசிக்குது என்று சிணுங்கினாய், தொடையில் கிள்ளினன். நான் ஆரோடோ கதைச்சுக்கொண்டு திரும்ப, கண்மணி உன்ரை கையில் ஒரு வடையைத் தந்திட்டா. சுடச்சுட. நீ கடிச்சிட்டாய். அவ்வளவு சபைக்கு முன்னால் உன்ரை கன்னத்தை அமத்தி, வாய்க்குள் விரலை விட்டு, மென்றதைத் தோண்டி எடுத்து நிலத்தில் எறிஞ்சனான். நீ குழறினாய். கண்மணி குனிஞ்சு அதைப் பொறுக்கி, சீலைத் தலைப்பில் முடிஞ்சா. "பிள்ளைக்குக் காரம் ஒத்துக்கொள்ளாதாக்கும் நாச்சியார்" என்றா. என்ரை மரியாதையைக் காப்பாத்தி விட்டா. மணவறையில் மகள் இருக்கிறாள், தாய் என்ரை எச்சில் விரலுக்குச் சாட்டுச் சொல்லிக்கொண்டு நிற்கிறா. நாங்கள் தின்ற சோறு முழுக்க அவவின்ரை உலக்கையால் வந்தது. அவவுக்கு என்ரை வீட்டில் தண்ணி குடிக்கச் சிரட்டை. அன்று நான் பெருமையோடு வீட்டுக்கு நடந்து வந்தனான், பிள்ளையைக் காப்பாத்திப்போட்டன் என்று. உனக்கு அது ஞாபகம் இருக்கோ தெரியாது. உன்ரை வாய்க்கு ஞாபகம் இருக்கு. அதனால்தான் சப்பாத்தைக் கழட்டமுதல் கோக் ரின் என்று சொல்லுது.

அது ஊரோடு போச்சு என்றால் நான் பேசாமல் இருந்திருப்பன். போகவில்லை. ஃபிறிட்ஜுக்கு மேலே வெள்ளை ஃபோம் கப் ஒரு கட்டு இருந்ததே, அது ஏன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. நான்தான் வசந்தியைக் கொண்டு வாங்குவிச்சன். பாலன் வந்தால் அவனுக்கு அதில் தேத்தண்ணி, எங்களுக்குக் கோப்பை. கனடாவில் எல்லாரும் இந்தக் கப்பில்தானே குடிக்கினம், அவனுக்கு எங்கே விளங்கப்போகுது என்று நினைச்சன். ஆஸ்பத்திரியால் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, மருந்தும் வாங்கிக்கொண்டு வந்து தந்த அன்றும் அதிலேதான் குடுத்தனான். அவன் குடிச்சான். அடுத்த முறை வரேக்கை தன்ரை காருக்குள் வைச்சுக் குடிக்கிற நீலக் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைச்சான். "ஆச்சி, ஒவ்வொரு நாளும் கப் எறியிறது வீண்செலவு. இதிலை என்ரை பேரை எழுதி வையுங்கோ, உங்கட கோப்பையளோடை மாறிப்போனால் பிறகு கரைச்சல்." வசந்திக்கு முகம் கறுத்துப்போச்சு. நான் சிரிச்சன், அவனும் சிரிச்சான். கோப்பையை அப்பிடியே வைச்சிட்டுப் போனவன் பிறகு வீட்டுக்குள் வரவேயில்லை. காட்டோடு வந்த அன்றும் வாசலுக்கு இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. நீ என்னைக் கேட்டாய், "பாலனை இப்ப காணக்கிடைக்கிறேல்லை, என்ன கோபமோ?" என்று. "அவனுக்கு வேலை கூடவாக்கும்" என்றன். பொய்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நோராவின் கதையைக் கேட்டுக் கீழே இருந்து வந்ததும் அந்தக் கட்டைத் தூக்கிக் குப்பைக் குழாயால் போட்டனான். நீலக் கோப்பையை எங்கட கோப்பையளோடு வைச்சன். பிறகுதான் நோராவின் தாயும் இதைத்தானே செய்தவ என்று நினைவு வந்தது. உள்ளே எடுத்து அடுக்கினால் காணாது. குடிக்கிற ஆள் வரவேணும். வராவிட்டால் நாங்கள் அங்கே போகவேணும். பாலன்ரை வண்டில் இன்னும் ஒருக்கால் எங்கட வாசலில் நின்றது, தம்பி. எனக்கு அதுதான் அந்தரமாய்க் கிடக்கு. நோராவுக்கு எட்டு வயது, படலையில் நின்று அடுத்த வருசம், அதுக்கு அடுத்த வருசம் என்று பார்த்துக்கொண்டு நிற்க ஏலும். எனக்கும் கண்மணிக்கும் அப்பிடி வருசம் இல்லை.

அதனால் நான் ஞாயிறு போறன். சாப்பிடுவன். நீ என்ன முடிவெடுத்தாலும் போறன். சப்வேயில் எங்கே மாறுறது, எந்த பஸ் என்று வசந்தி துண்டில் எழுதித் தந்தவள், கைப்பைக்குள் கிடக்கு. தனியப் போவன் என்று பயப்பிடாதை, நோராவும் வாறா. "தெரியாத ஆளின்ரை கல்யாணத்துக்கு எப்பிடி?" என்று கேட்டா. "எங்கட ஆக்களின்ரை கல்யாணத்தில் ஆளைக் கணக்குப் பார்க்கிறேல்லை" என்று சொல்லிப்போட்டன். தொப்பி போடவேணுமோ என்று இன்று காலமையும் ஃபோனில் கேட்டா. கண்மணியைக் கண்டால் என்ன சொல்லுறதென்று எனக்குத் தெரியவில்லை. சபைக்கு முன்னால் நாச்சியார் என்று கூப்பிடாமல் விடுவாவோ, கூப்பிட்டால் நான் என்ன செய்வன் என்று மூன்று நாளாய் யோசிக்கிறன். பாலன் முகத்தைத் திருப்பினாலும் திருப்பட்டும், நான் பந்தியில் இருந்துதான் எழும்புவன்.

சனம் கதைக்கும் என்று சொன்னாய். கதைக்கட்டும். என்ரை பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலத்தில், இவவின்ரை பேத்தியாம் என்று ஒதுக்கிறவன் எங்களுக்கு வேண்டாம், அவள் அதைவிடப் பெரிய கெட்டிக்காரி. நீ வந்தால் உன்ரை காரில் போவம், நோராவைப் பின்னுக்கு ஏத்துவம். வேலை முடிஞ்சு பிந்தி வந்தாலும் வா, எனக்குப் பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைச்சுப் பிடிச்சு வைக்கிறன். அங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பேப்பர்த் தட்டாம், பாலன் வசந்திக்கு ஃபோனில் சொன்னவனாம். சுகர் என்று சாட்டுச் சொல்லாதை, எனக்கு அன்று சுகர் இல்லை. கட்டாயம் வடை போடுவினம். ஏழு வயதில் உன்ரை வாயில் இருந்து நான் தோண்டி எடுத்ததை, கண்மணி பார்த்துக்கொண்டிருக்க, அதே கையால் எடுத்துத் தாறன். வாயைத் திற.

அம்மா